மர லூருக்கு கிளியர் பூச்சு எது போடலாம்? மூன்றாவது தடவை கடலில் நனைந்தாலே உரிந்துவிடுகிறது

தங்கச்சிமடம் தூண்டில்:

வணக்கம். ஒரு வருடமாக நானே லூர் (மீனை ஏமாற்றும் பொய் இரை) செய்து பாம்பன் பக்கமும் தென்கடல் கரையிலும் வீசிக்கொண்டிருக்கிறேன். கடையில் வாங்கிய லூர் ஒன்று கல்லில் மாட்டி அறுந்தால் ஒரு நாள் கூலியே போன மாதிரி, அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன். மரம் கல்யாண முருங்கை. வேலியில் வெட்டிப் போட்ட கிளையை நிழலில் காய வைத்து எடுக்கிறேன், கனமே இல்லை, சின்னக் கத்தியே போதும். தண்ணீர் மேலேயே மிதந்து வரும் பாப்பரும், முன்னால் தகடு நாக்கு வைத்து முங்குகிற லூரும் 11 செ.மீ. அளவில் செய்கிறேன்.

நிறம் அடிப்பதில் எனக்குக் குறை இல்லை. முதுகு கரும்பச்சை, பக்கத்தில் சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாள், அதன்மேல் பழைய நெத்திலி வலைத் துண்டை இழுத்துக் கட்டி ஸ்ப்ரே அடித்தால் செதில் அப்படியே சூடை மீன் மாதிரி விழும். அதற்கு மேலே போடுகிற கிளியரில்தான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் மர வார்னிஷ் மூன்று கை போட்டேன். இரண்டு தடவை நன்றாக இருந்தது. மூன்றாவது தடவை போய்விட்டு வந்து பார்த்தால் வயிற்றுப் பக்கம் தூண்டில் முள் மாட்டும் வளையம் இருக்கும் இடத்தில் கொப்புளம், சுற்றிலும் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை. நகத்தால் நெம்பினால் ஊறிய மொச்சைத் தோல் மாதிரி பெயின்ட்டோடு சேர்ந்து கழன்று வந்துவிட்டது. அப்புறம் இரட்டை ட்யூப்பில் விற்கும், கலந்தால் இறுகும் ஐந்து நிமிட எபாக்ஸி ரெசின் போட்டேன். பூசி முடிப்பதற்குள் இறுகிவிடுகிறது, வரி வரியாக நிற்கிறது, வெயிலில் கிடந்ததும் மஞ்சளாகிவிட்டது. போன வாரம் மழை நேரத்தில் பூசிய ஒன்று நான்கு நாள் ஆகியும் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

கார் பெயின்ட் அடிப்பவர் டூ கே கிளியர், அதாவது இறுக்கும் மருந்து கலந்து அடிக்கும் கார் கிளியர் போடு என்கிறார். கூட வரும் பையன் வெயில் பட்டால் இறுகும் யு.வி. ரெசின் என்கிறான். படகு ரெசினை மெல்லிசாகப் பூசினால் போதும் என்று ஒருவர் சொன்னார். எல்லாவற்றையும் வாங்கிப் பார்க்கக் கையில் காசு இல்லை. இங்கே செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், உப்புத் தண்ணீர், வெயில், ஊளி மீனின் பல் மூன்றையும் தாங்குவது எது?


குந்துகால் கரை:

தம்பி, எந்தக் கிளியர் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உரிந்துபோன லூர் ஒன்றை வாளில் நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பாருங்கள். முள் வளையத்துக்காகத் திருகாணி ஏற்றிய ஓட்டையைச் சுற்றி மரம் கறுத்து ஈரமாக இருந்தால், உங்கள் வார்னிஷ் வெளியிலிருந்து தோற்கவில்லை, உள்ளேயிருந்துதான் தோற்றிருக்கிறது. தண்ணீர் ஓட்டை வழியாகப் போகிறது, மரம் ஊதுகிறது, மேலே இருக்கிற பூச்சு ஊத முடியாமல் வெடிக்கிறது. இதற்கு மேலே தங்கத்தையே பூசினாலும் நிற்காது.

நானும் இரண்டு வருடம் கிளியரை மாற்றி மாற்றிப் பார்த்தவன்தான். கடைசியில் கிளியரை மாற்றாமல், அதற்குக் கீழே இருக்கிற வேலையை மாற்றிய பிறகுதான் நின்றது. எல்லா ஓட்டையும் முதலில் போட்டுவிடுங்கள், ஈயம் வைக்கும் குழி, நாக்கு சொருகும் பிளவு, வளையத்துக்கான துளை எல்லாமே. அதன் பிறகு பெயின்ட் அடிக்காத வெறும் மரத்தை மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் காட்டி, சூடாக இருக்கும்போதே நிழலுக்குக் கொண்டுவந்து மெதுவாக இறுகும் எபாக்ஸியை மெல்லிசாகத் தேயுங்கள். மரம் ஆறும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கி ரெசினைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இதையே காலையில் செய்தால், வெயில் ஏற ஏற உள்காற்று விரிந்து பூச்சுக்குள் குமிழ் குமிழாக வரும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு லூர் வீணாகியது.

துளைக்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு சொட்டு விட்டு, குச்சியால் சுற்றிலும் தடவுங்கள். மறுநாள் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டுப் பெயின்ட்டுக்குப் போகலாம். கடைசியில் திருகாணி ஏற்றும்போதும் அதன் மரையில் எபாக்ஸி தடவித்தான் ஏற்ற வேண்டும். பெரிய பாறைக்கு வீசுவதென்றால் திருகாணியையே விட்டுவிட்டு, மூக்கிலிருந்து வால் வரை ஒரே ஸ்டெயின்லெஸ் கம்பியாக உள்ளே ஓட்டுங்கள், மரமே உடைந்தாலும் மீன் கம்பியில் இருக்கும்.

மேல்பூச்சுக்கு என் ஓட்டு மெதுவாக இறுகும் கோட்டிங் எபாக்ஸி, இரண்டு மெல்லிய கை. ரெசின் ஓவியம் செய்பவர்கள் வாங்குவார்களே, அதுதான்.


மண்டபம் பட்டறை:

படகு ரெசின் என்று யாரோ சொன்னதைப் படித்துவிட்டுத்தான் எழுத வந்தேன். இருபது வருடமாக ஃபைபர் படகு வேலை செய்கிறேன், அதைச் செய்யாதீர்கள். நாங்கள் வத்தைக்கும் வல்லத்துக்கும் போடுவது பாலியெஸ்டர் ரெசின். கண்ணாடி நார் உள்ளே இருந்தால்தான் அதற்கு உயிர். நார் இல்லாமல் தனியாகப் பூசினால் கண்ணாடி வளையல் மாதிரி, ஒரு கல்லில் பட்டால் தெறித்துவிடும். காற்று படுகிற மேல் பக்கம் அது முழுசாக இறுகவும் செய்யாது, மெழுகு கலந்தால்தான் பிசுபிசுப்பு போகும். யாராவது தெர்மாகோலில் லூர் செய்து இதைப் பூசினால் உள்ளே இருப்பது கரைந்து ஓடிவிடும், எபாக்ஸி அப்படிக் கரைக்காது.

உங்கள் பிசுபிசுப்பு விஷயத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று அளவு தப்பு. எபாக்ஸியில் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரைக் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று பலர் நினைக்கிறார்கள், அது பாலியெஸ்டர்காரர்களின் பழக்கம். பாலியெஸ்டரில் போடுவது வினையைக் கிளப்பிவிடும் மருந்து, கொஞ்சம் ஏற்றி இறக்கலாம். எபாக்ஸியில் இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டியவை, எது மிஞ்சினாலும் அது கடைசிவரை ஈரமாகவே கிடக்கும். இரண்டுக்கு ஒன்று என்றால் இரண்டுக்கு ஒன்றுதான். எடையா அளவா என்பதையும் டப்பாவில் பாருங்கள், இரண்டும் வேறு வேறு. மொத்தம் 5 மில்லிக்குக் குறைவாகக் கலக்காதீர்கள், அரை மில்லி தப்பினாலே அங்கே பெரிய தப்பு. இரண்டு நிமிடம் கலக்கி, பக்கச் சுவரையும் அடியையும் வழித்து, வேறு கப்பில் மாற்றி மறுபடி ஒரு நிமிடம் கலக்கினால் கலக்காத மூலை என்று ஒன்று இருக்காது. கலந்ததை ஆழமான கப்பிலேயே வைத்திருக்காமல் தட்டையான மூடியில் ஊற்றிக்கொள்ளுங்கள், இந்த வெயிலுக்குக் கப்பில் குவிந்து கிடந்தால் சூடேறிப் புகைந்துவிடும்.

இன்னொரு காரணம் ஈரக்காற்று. வாடைக் காலத்தில் இரவு நேரத்தில் பூசினால் ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் விடும். அடியில் நன்றாகவே இறுகியிருக்கும். அப்படி இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் தேய்த்தாலே போய்விடும், தூக்கிப் போட வேண்டாம். ஆனால் கழுவாமல் அதன்மேல் அடுத்த கை போட்டால் இரண்டு பூச்சும் பிடிக்காது. நகம் பதிகிற அளவுக்கு அடிவரை மெத்தென்று இருந்தால் அது அளவு தப்பு, வழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள் தம்பி. எங்களோடு வேலை செய்த ஒருவருக்கு எபாக்ஸி ஹார்டனர் பட்டுப் பட்டுக் கை முழுக்கத் தடித்து, இன்றைக்கு டப்பாவைத் திறந்தாலே அரிக்கிறது. ஒரு தடவை ஒவ்வாமை வந்தால் திரும்பப் போகாது.


கீழக்கரை கட்டா:

நான் குந்துகால் அண்ணன் சொல்வதில் பாதிக்குத்தான் ஒத்துப்போகிறேன். அடியில் அடைக்க வேண்டும் என்பது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மேலே எபாக்ஸி போட்டால் லூர் தடித்துவிடுகிறது. கண் பக்கத்து வளைவு, செவுள் வெட்டு எல்லாம் மழுங்கிவிடும், எடையும் கூடும். நாக்கு வைத்த சின்ன லூரில் அந்த எடை ஆட்டத்தையே கொன்றுவிடும். நான் டூ கே பி.யு. (பாலியூரித்தேன்) கிளியர்தான், மூன்று நான்கு மெல்லிய கை. வெயிலுக்கு மஞ்சளாவது எபாக்ஸியைவிட ரொம்பக் குறைவு, காரின் மேலே வருடக்கணக்கில் வெயிலில் நிற்கிற பூச்சுதானே அது. தேய்மானமும் நன்றாகத் தாங்கும்.

ஆனால் அதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் சிபாரிசு செய்ய மாட்டேன். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும்போது அந்தப் புகை மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரலாம். கொரோனா காலத்தில் போட்ட துணி முகக்கவசமெல்லாம் இதற்கு உதவாது, கரி வடிகட்டி வைத்த கவசத்தை மட்டும்கூட நம்ப முடியாது, வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் கவசம் வேண்டும். வீட்டுக்குள்ளோ குழந்தைகள் இருக்கும் முற்றத்திலோ அடிக்கவே கூடாது. நான் டிங்கரிங் பட்டறையில், அவர்கள் வண்டிக்கு அடிக்கும்போது என் லூர்களையும் ஒரு கம்பியில் தொங்கவிட்டு அடித்து வாங்கிக்கொள்கிறேன். மிஞ்சுகிற கிளியர்தான், டீ செலவோடு முடிந்துவிடும். உங்களுக்கும் தெரிந்த பெயின்டர் இருக்கிறாரே, அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

யு.வி. ரெசின் பற்றி. துபாயில் இருக்கும் எங்கள் காக்கா (அண்ணன்) ஒரு பாட்டில் வாங்கி வந்தார். நம்ம ஊர் வெயிலில் வைத்தால் சில நிமிடத்தில் இறுகிவிடுகிறது, விளக்கே வேண்டாம். மேலே லேசாக ஒட்டும், ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் சரி. ஆனால் விலை அதிகம், முழு லூருக்குப் போட்டுக் கட்டாது. கண் ஒட்டுவதற்கும், பல் பட்டுக் கீறிய இடத்தைக் கடற்கரையிலேயே அடைப்பதற்கும் அதை மாதிரி ஒன்று இல்லை. அதைத் தூண்டில் பெட்டியிலேயே வைத்திருங்கள்.


உச்சிப்புளி ஆசாரி:

மரவேலை செய்கிறவன், மீன் பிடிக்கத் தெரியாது, மகனுக்காக இந்தப் பக்கம் படிக்கிறேன். இரண்டு விஷயம் மட்டும். கல்யாண முருங்கை பஞ்சு மாதிரி குடிக்கும் மரம். வெட்டின கிளையை மேல்தோல் காய்ந்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், நடுவில் ஈரம் நிற்கும். சின்னத் துண்டாகப் பிளந்து வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை எடை பாருங்கள், எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்தது. ஈர மரத்தின்மேல் எது பூசினாலும் உள்ளே அழுகும்.

இன்னொன்று, மெலமைனும் பிரெஞ்சு பாலிஷும் கடலுக்குப் போகிற சாமானுக்கு வேண்டாம். அரக்குப் பாலிஷ் தண்ணீர் பட்டாலே வெளுக்கும். மெலமைன் கதவுக்கு உள்பக்கம் போடுகிற சமாசாரம், வெயிலில் வெடிக்கும்.


தங்கச்சிமடம் தூண்டில்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றே ஒன்றை அறுத்துப் பார்த்தேன். குந்துகால் அண்ணன் சொன்னது அப்படியே இருக்கிறது, திருகாணியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மரம் கறுத்து, அழுத்தினால் தண்ணீர் கசிகிறது, கடலுக்குப் போய்ப் பத்து நாள் ஆன பிறகும். மேலே பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது, இத்தனை நாள் வார்னிஷைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிசுபிசுத்ததைப் பட்டறை அண்ணன் சொன்னபடி கழுவினேன், ஒரு லூர் சரியாகிவிட்டது, இன்னொன்று மெத்தென்றே இருக்கிறது, அதை வழித்துவிட்டேன். சரி, எபாக்ஸியிலேயே போகலாம் என்று முடிவு. இரண்டு கேள்வி. பூசித் தொங்கவிட்டால் எல்லாம் கீழே வழிந்து வால் பக்கம் சொட்டாக நிற்கிறது, அதற்கு என்ன செய்வது? மார்க்கர் பேனாவில் போட்ட புள்ளிகள் எபாக்ஸி பட்டதும் கலங்குகிறதே, அதற்கு?


குந்துகால் கரை:

வழிவதற்குச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழியில்லை. ஏர் கூலரில் பிளேடை அசைக்க ஒரு சின்ன ஸ்விங் மோட்டார் இருக்கும், நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான் சுற்றும், எலெக்ட்ரிக்கல் கடையில் தனியாகவே கிடைக்கும். அதன் அச்சில் ஒரு மரச் சட்டத்தை மாட்டி, லூரின் மூக்கு வளையத்தையும் வால் வளையத்தையும் கம்பியில் இழுத்துக் கட்டுங்கள், படுத்தவாக்கில் கோழி சுடுகிற மாதிரி சுற்றட்டும். அது வீட்டுக் கரன்ட்டில் ஓடுவது, இணைப்பை டேப் சுற்றி மூடாமல் ஈரக் கையோடு பக்கத்தில் போகாதீர்கள். ரெசின் ஓடாத அளவுக்கு இறுகும்வரை சுற்ற வேண்டும், மெதுவான எபாக்ஸிக்கு ஏழெட்டு மணி நேரம் விட்டுவிடுகிறேன்.

பூசிய ஐந்தாவது நிமிடம் ஹேர் டிரையரையோ லைட்டரையோ தூரமாகப் பிடித்து ஒரு தடவை காட்டினால் குமிழ் எல்லாம் உடைந்துவிடும். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்.

மார்க்கர் கலங்குவதற்கு, புள்ளி வைத்ததும் ஒரு நாள் காயவிட்டு அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து பனி மாதிரி தூவுங்கள். நனைகிற மாதிரி அடித்தால் அதுவே கலக்கிவிடும். இரண்டு மூன்று தடவை தூவி, அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு எபாக்ஸி. அதன் பிறகு லூரை வெறுங்கையால் தொடாதீர்கள். மீன் தொட்ட கை, தலைக்கு எண்ணெய் வைத்த கை பட்ட இடத்தில் எபாக்ஸி ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகி நிற்கும்.

மழைக் காலத்துக்கு ஒரு மரப்பெட்டிக்குள் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு அதற்குள்ளேயே மோட்டாரை ஓட்டுகிறேன். சூடு கொஞ்சம் ஏறினாலே உள்ளே ஈரம் குறைந்துவிடும், படலம் வருவதில்லை. முழு பலம் வர ஒரு வாரம் ஆகும், கையில் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அதுவரை கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

எடை விஷயத்தில் கீழக்கரைத் தம்பி சொல்வது நியாயம். 11 செ.மீ. லூருக்கு ஒரு கைக்கு ஒன்றரை கிராம் வரை ஏறும். ஈயம் வைக்கும்போதே அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மிதக்கவிட்டுப் பார்ப்பதைக் கடல் தண்ணீரில் பாருங்கள், குழாய்த் தண்ணீரில் சரியாக நிற்கும் லூர் கடலில் கொஞ்சம் தூக்கி நிற்கும்.


தங்கச்சிமடம் தூண்டில்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரே கட்டையிலிருந்து இரண்டு பாப்பர் செய்தேன், இரண்டுக்கும் மேலே அதே எபாக்ஸி இரண்டு கை. ஒன்றுக்கு மட்டும் வெறும் மரத்திலும் துளையிலும் அடைத்தேன், இன்னொன்றுக்கு வேண்டுமென்றே அடைக்கவில்லை. ஒரு வாரம் காயவிட்டு, இரண்டையும் கடல் தண்ணீர் வாளியில் கல் கட்டி நான்கு நாள் முக்கி வைத்தேன். தெரிந்த நகைக் கடையில் தராசு கேட்டு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். அடைத்தது 24.1 கிராம், நான்கு நாளுக்குப் பிறகும் 24.1. அடைக்காதது 22.8 கிராம் இருந்து 25.3 ஆகிவிட்டது, வால் வளையத்துக்குப் பக்கத்தில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பும் தெரிகிறது.

அடைத்த பாப்பரைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அரிச்சல்முனைப் பக்கம் வீசினேன். ஒரு ஊளி அடித்தது, கை நீளம் இருக்கும். பல் பதிந்த இடத்தில் மேல் கிளியரில் நான்கு குத்து, ஒன்று மட்டும் பெயின்ட் வரை இறங்கியிருக்கிறது. மரம் தெரியவில்லை. அதை எதை வைத்து மூடுவது, யு.வி. ரெசின் என்னிடம் இல்லை.


கீழக்கரை கட்டா:

மாஷா அல்லாஹ், நல்ல சேதி. முதலில் நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள், உப்பின்மேல் பூசினால் அது அடியிலிருந்து ஈரத்தை இழுக்கும், கொப்புளம் வரும். ஒரு நாள் காயவிட்டு அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, உங்களிடம் இருக்கிற எபாக்ஸியையே தீக்குச்சி முனையில் தொட்டு வையுங்கள். அவசரத்துக்கு நிறமில்லாத நகப்பூச்சும் போடலாம், இரண்டு தடவை தாங்கும். அந்த நகப்பூச்சு போட்ட லூரை ரப்பர் புழு, ரப்பர் மீன் கிடக்கும் டப்பாவில் மட்டும் போடாதீர்கள், அந்த ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய் பூச்சை இளக்கி இரண்டும் ஒட்டிக்கொள்ளும், என் பெட்டியில் ஆறு லூர் அப்படிப் போனது.


மண்டபம் பட்டறை:

வெடித்த பாப்பரைத் தூக்கிப் போடாதீர்கள் தம்பி. திருகாணியைக் கழற்றி, பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டு, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை காயவிடுங்கள். அப்புறம் துளையிலிருந்து ஆரம்பிக்கலாம்.


தங்கச்சிமடம் தூண்டில்:

சரி அண்ணே. சுரண்டி, ஊறவைத்து, அடுப்பு மேடைப் பக்கம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இன்றைக்கு 23.6.